பெஞ்சில் இருந்தாலும் சம்பளம் உண்டு: ஹெச்-1பி விசாவில் முதலாளியின் கடமைகள்

“அப்பா, பிராஜெக்ட் இன்னும் கெடைக்கலீங்க. பெஞ்சுல இருக்கேன். பிராஜெக்ட் வந்தாத்தான் சம்பளமாம்.”

“போயி மூணு மாசம் ஆச்சே... சோத்துக்கு என்ன சாமி பண்ற?”

“ஃப்ரெண்டு ரூம்லதான் இருக்கேன். நீங்க ஒரு ரெண்டு மாசத்துக்கு மட்டும் கொஞ்சம் பணம் அனுப்பி வெச்சீங்கன்னா சமாளிச்சுக்குவேன்.”

ஈரோட்டில் இருக்கும் அப்பாவும் அமெரிக்காவில் இருக்கும் மகனும் போனில் பேசிக்கொள்வதாக, இந்தப் பாடத்துக்காக நாம் எழுதிய உரையாடல் இது. ஆனால் ஐ.டி. வேலைக்குப் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிய வீடுகளுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. மகன் பொய் சொல்லவில்லை. நிறுவனம் சொன்னதை அப்படியே நம்பிச் சொல்கிறார். அப்பாவும் நகையை அடகு வைத்தாவது பணம் அனுப்பத் தயாராகிவிடுவார்.

இருவருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தச் சம்பளம் மகனுக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணம். “பிராஜெக்ட் இல்லை, அதனால் சம்பளம் இல்லை” என்று ஹெச்-1பி விசாவில் ஆள் எடுத்த முதலாளி சொல்ல முடியாது. அமெரிக்க அரசிடம் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குறுதியே அதுதான். முதலாளி என்னென்ன வாக்குறுதி கொடுக்கிறார், எந்தச் செலவு அவருடையது, மீறினால் எங்கே போய்ச் சொல்வது என்பதை இந்தப் பாடத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விசா மனு யாருடையது?

“எனக்கு ஹெச்-1பி போட்டிருக்கேன்” என்று நம் பிள்ளைகள் சொல்வது வழக்கம். உண்மையில் ஊழியர் தானாக ஹெச்-1பி மனு போட முடியாது. மனுதாரர் நிறுவனம்தான். 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் உருவான இந்த விசா, பட்டப்படிப்பு அளவு சிறப்பு அறிவு தேவைப்படும் வேலைகளுக்கானது. ஆண்டுக்கு 65,000 பேர், அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 பேர் என்று உச்ச வரம்பு இருக்கிறது.

நடைமுறை சுருக்கமாக இதுதான். மார்ச் மாதத்தில் நிறுவனம் ஊழியரின் பெயரை இணையத்தில் பதிவு செய்யும். தேர்வானால், முதலில் அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் ‘தொழிலாளர் நிலை விண்ணப்பம்’ ஒன்றைத் தாக்கல் செய்து சான்று வாங்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் எல்.சி.ஏ. என்கிறார்கள். அந்தச் சான்றுடன் குடியேற்றச் சேவைகள் அமைப்பான யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸிடம் ஐ-129 என்ற மனுவைக் கொடுக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்ததும் ஐ-797 என்ற அறிவிப்பு வரும். அதன் பிறகுதான் ஊழியர் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம் போன்ற இடத்தில் விசா முத்திரைக்கு நேர்காணல் போகிறார். உச்ச வரம்புக்குள் வரும் புதியவர்கள் அக்டோபர் 1 முதல் வேலையில் சேரலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஐ-129 மனுவில் யார் கையெழுத்துப் போட்டாரோ அவரே முதலாளி. கிளையண்ட் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தாலும், நடுவில் இரண்டு வெண்டார்கள் இருந்தாலும், சம்பளப் பொறுப்பு மனு போட்ட நிறுவனத்துடையது. “கிளையண்ட் பணம் குடுக்கல, அதான் உங்களுக்கும் குடுக்க முடியல” என்ற பேச்சு இங்கே எடுபடாது.

எல்.சி.ஏ.: நான்கு வாக்குறுதிகள்

எல்.சி.ஏ.வில் முதலாளி நான்கு விஷயங்களுக்கு உறுதி அளிக்கிறார்.

முதலாவது, சம்பளம். அதே இடத்தில் அதே மாதிரி வேலை பார்க்கும், அதே தகுதியுள்ள மற்றவர்களுக்குத் தான் கொடுக்கும் சம்பளம் ஒன்று. அந்தப் பகுதியில் அந்த வேலைக்கு நிலவும் சம்பளம் மற்றொன்று. இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும். ஒரு கணக்குக்கு, நிறுவனம் தன் ஆட்களுக்கு ஆண்டுக்கு 90,000 டாலர் கொடுக்கிறது, அந்த வட்டாரத்தில் நிலவும் சம்பளம் 96,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெச்-1பி ஊழியருக்கு 96,000 டாலருக்குக் குறையக் கூடாது.

இரண்டாவது, வேலைச் சூழல். ஹெச்-1பி ஊழியரை எடுப்பதால் அங்கே அதே வேலை பார்ப்பவர்களின் வேலை நேரம், விடுப்பு போன்ற நிலைமைகள் கெடக் கூடாது. காப்பீடு போன்ற சலுகைகளும் அமெரிக்க ஊழியருக்கு எந்த அடிப்படையில் கிடைக்கிறதோ, அதே அடிப்படையில் இவருக்கும் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, அந்த வேலையிடத்தில் அந்தத் தொழிலில் வேலைநிறுத்தமோ கதவடைப்போ நடந்துகொண்டிருக்கக் கூடாது. போராடும் ஊழியருக்குப் பதில் ஆளாக வெளிநாட்டவரைக் கொண்டுவரக் கூடாது என்பதற்காக இந்த நிபந்தனை.

நான்காவது, அறிவிப்பு. தொழிற்சங்கம் இருந்தால் அதற்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலையிடத்தில் கண்ணில் படும்படி இரண்டு இடங்களில் 10 நாள் அறிவிப்பு ஒட்டலாம், அல்லது மின்னணு வழியில் ஊழியர்களுக்குத் தெரிவிக்கலாம்.

இதோடு இன்னும் இரண்டு கடமைகள் உண்டு. ஊழியர் வேலைக்குச் சேரும் நாளுக்குள் சான்று பெற்ற எல்.சி.ஏ.வின் நகலை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். அடுத்து, எல்.சி.ஏ. தாக்கல் செய்த ஒரு வேலை நாளுக்குள் ‘பொதுப் பார்வைக் கோப்பு’ ஒன்றைத் தயாராக வைக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு, அதை எப்படி நிர்ணயித்தார்கள், அறிவிப்பு கொடுத்தார்களா என்ற விவரங்கள் அதில் இருக்கும். ஊழியர் மட்டுமல்ல, யார் கேட்டாலும் அதைக் காட்ட வேண்டும்.

நம் உரையாடலில் வந்த தம்பியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இங்கேயே வந்துவிட்டது: “உன்ற எல்.சி.ஏ. காகிதம் கையில இருக்குதா சாமி?” வேலை என்ன, வேலையிடம் எது, சம்பளம் எவ்வளவு என்று மூன்றும் அதில் எழுதியிருக்கும்.

எந்தச் செலவு யாருடையது?

நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். “ஃபைலிங்குக்கு இவ்வளவு, வக்கீலுக்கு இவ்வளவு, மொத்தமா கட்டிடுங்க” என்று கேட்டால், வேலை கிடைக்கிறதே என்று கட்டிவிடுகிறார்கள்.

சட்டம் சொல்வது வேறு. எல்.சி.ஏ.வும் ஐ-129 மனுவும் முதலாளி செய்ய வேண்டிய வேலைகள். அவற்றுக்கான கட்டணங்களும், அவற்றைத் தயாரிக்கும் வழக்கறிஞர் செலவும் முதலாளியின் தொழில் செலவு. அந்தச் செலவை ஊழியர் தலையில் கட்டி, அவர் கைக்கு வரும் பணத்தைச் சட்டப்படியான சம்பளத்துக்குக் கீழே இறக்கக் கூடாது.

அமெரிக்க ஊழியர்களின் பயிற்சிக்காக வசூலிக்கப்படும் கட்டணம் ஒன்று இருக்கிறது. 25 பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு 750 டாலர், அதற்கு மேல் 1,500 டாலர். இதை ஊழியரிடமிருந்து எந்த வழியிலும் திரும்ப வாங்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. மோசடித் தடுப்புக் கட்டணமான 500 டாலரும் முதலாளி கட்ட வேண்டியதே.

2025 செப்டம்பர் 21 முதல் இன்னொரு பெரிய தொகை சேர்ந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புதிய மனுக்களோடு 1,00,000 டாலர் செலுத்த வேண்டும் என்று அந்நாட்டு அதிபர் ஆணை பிறப்பித்தார். முதலில் 12 மாத காலத்துக்கு என்று வந்த ஆணை அது. அதைச் செலுத்த வேண்டியவரும் மனு போடும் நிறுவனம்தான். “அதுல உங்க பங்கு இவ்வளவு” என்று யாராவது கேட்டால் அங்கேயே சுதாரித்துக்கொள்ளுங்கள்.

ஊழியர் பக்கம் செலவே இல்லையா? இருக்கிறது. பாஸ்போர்ட் எடுப்பது, மனைவி, பிள்ளைகளுக்கு விசா வாங்குவது போன்றவை சொந்தச் செலவு. இந்தக் கோட்டைத் தெரிந்து வைத்துக்கொண்டால், யார் எதற்குப் பணம் கேட்டாலும் பதில் சொல்ல முடியும்.

பெஞ்ச்: வேலை இல்லாத நாளுக்கும் சம்பளம்

இப்போது தம்பியின் கதைக்கு வருவோம்.

வேலைக்கு வந்துவிட்டேன் என்று நிறுவனத்திடம் அறிவித்து, அவர்கள் சொல்வதைச் செய்யத் தயாராக இருக்கும் நாளிலிருந்தே சம்பளம் ஓடத் தொடங்குகிறது. நிறுவனம் காட்டும் பயிற்சி, நேர்காணலுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். அப்படி எதுவும் நடக்காவிட்டாலும், அந்த மனுவின் பேரில் அமெரிக்காவுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் சம்பளம் தொடங்கியே ஆக வேண்டும். ஏற்கெனவே மாணவராகவோ வேறு நிலையிலோ அங்கேயே இருந்தவர் என்றால், ஹெச்-1பியில் வேலை செய்யத் தகுதி கிடைத்த 60 நாளுக்குள் தொடங்க வேண்டும்.

அதன் பிறகு பிராஜெக்ட் இல்லை, கிளையண்ட் நிறுத்திவிட்டார், உரிமம் வரவில்லை என்று முதலாளியின் பக்கக் காரணங்களால் வேலை இல்லாமல் போனால், முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும். எல்.சி.ஏ.வில் முழுநேரம் என்று இருந்தால் முழுநேரச் சம்பளம். விதிவிலக்கு ஒன்றுதான்: ஊழியரே தன் சொந்தக் காரணத்துக்காக வேலைக்கு வராமல் இருந்தால், உதாரணமாக ஊருக்கு விடுப்பில் வந்தால், பிரசவத்துக்காகவோ விபத்தாலோ வேலைக்கு வர முடியாமல் போனால், அந்த நாட்களுக்குச் சம்பளக் கட்டாயம் இல்லை. நிறுவனத்தின் விடுப்பு விதியோ வேறு சட்டமோ சம்பளம் உண்டு என்றால் அது தனி.

எனவே தம்பி மூன்று மாதம் பெஞ்சில் இருந்ததற்கு, குறைந்தபட்சம் அந்த 30 நாள் கழித்து வரும் நாட்களுக்கான முழுச் சம்பளமும் அவருக்குப் பாக்கி. அப்பா ஈரோட்டிலிருந்து அனுப்ப வேண்டிய பணம் இல்லை அது. முதலாளி கொடுக்க வேண்டிய பணம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சில இடங்களில், “சம்பளச் சீட்டு ஓடணும்னா நீங்களே பணம் குடுங்க, அதையே சம்பளமா திருப்பித் தர்றோம்” என்று சொல்வதுண்டு. இது சம்பளமே ஆகாது. சம்பளம் என்பது ஊழியர் கைக்கு முழுதாக, திரும்பக் கேட்கப்படாமல் வந்து சேர வேண்டும். இதற்கு உடன்பட்டால் பணமும் போகும், நாளைக்கு விசாரணை வந்தால் நாமும் சேர்ந்து மாட்டிக்கொள்வோம்.

சம்பளச் சீட்டு வெறும் கணக்குக் காகிதம் இல்லை. விசாவை நீட்டிக்கும்போதும் வேறு நிறுவனத்துக்கு மாறும்போதும், விதிப்படி வேலையில் இருந்தார் என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு மாறலாம் என்று நினைத்தால், அந்த ஆறு மாதத்துக்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி வந்து நிற்கும்.

வேலையிடம் மாறினால்

எல்.சி.ஏ. ஓர் ஊருக்கானது. டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் என்று எழுதி வாங்கிவிட்டு, ஆளை நியூ ஜெர்சிக்கு அனுப்பினால் அங்கே நிலவும் சம்பளம் வேறாக இருக்கும். ஆகவே, வழக்கமாகப் போய்வரும் தூரத்தைத் தாண்டி வேலையிடம் மாறினால், முதலாளி புதிய எல்.சி.ஏ. வாங்கி, திருத்திய மனுவும் தாக்கல் செய்ய வேண்டும். 2015இல் வந்த ஒரு முக்கியத் தீர்ப்பு இதை உறுதிப்படுத்தியது. குறுகிய காலப் பணிக்குச் சில விலக்குகள் உண்டு. யு.எஸ்.சி.ஐ.எஸ். அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலையிடத்துக்கு வந்து, இன்னார் இங்கே வேலை பார்க்கிறாரா, என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்பதும் உண்டு. வேறு ஊரில் உட்காரச் சொன்னால், “திருத்திய மனு போட்டாச்சுங்களா?” என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வேலையை விட்டு அனுப்பினால்

முதலாளி ஊழியரை நீக்கலாம். அதற்கு முறை இருக்கிறது. நீக்கத்தை ஊழியருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸுக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். விசாக் காலம் முடியும் முன்பே நீக்கினால், ஊழியர் கடைசியாக வசித்த வெளிநாட்டுக்குத் திரும்பிப் போக நியாயமான பயணச் செலவைத் தர முன்வர வேண்டும். குடும்பத்தாரின் டிக்கெட் இதில் சேராது. ஊழியரே ராஜினாமா செய்தால் இந்தப் பயணச் செலவு கிடையாது.

இந்த முறைப்படி செய்யாமல், “நாளையிலிருந்து வராதீங்க” என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால், நீக்கம் முறையாக முடிந்ததாகக் கருதப்படாமல் சம்பளப் பொறுப்பு தொடரக்கூடும்.

வேலை போனால் உடனே நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற பயம் வேண்டாம். 60 நாள் வரை, அல்லது தங்கும் அனுமதியான ஐ-94 முடியும் வரை, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரை அவகாசம் பெறலாம். அதற்குள் வேறு நிறுவனம் புதிய மனு தாக்கல் செய்தால், ஒப்புதல் வரும் வரை காத்திராமல் அங்கே வேலை தொடங்க வழி இருக்கிறது.

‘பாண்டு’ பற்றிக் கேட்பவர்களும் உண்டு. “ரெண்டு வருஷத்துக்குள்ள போனா பத்தாயிரம் டாலர் கட்டணும்” என்று எழுதி வாங்கியிருந்தால் என்ன செய்வது? முன்கூட்டியே விலகியதற்கு அபராதம் வசூலிக்க முதலாளிக்கு உரிமை இல்லை. உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடாக, அந்த மாநிலச் சட்டம் ஏற்கும் நியாயமான தொகை என்றால் மட்டும் கேட்கலாம். முன்பு சொன்ன 750 அல்லது 1,500 டாலர் கட்டணத்தை நஷ்ட ஈடு என்ற பெயரிலும் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது.

எங்கே முறையிடுவது?

அமெரிக்கத் தொழிலாளர் துறையில் ‘ஊதியம் மற்றும் வேலை நேரப் பிரிவு’ இருக்கிறது. அங்கே டபிள்யூ.ஹெச்-4 என்ற படிவத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை. விதிமீறல் நடந்த 12 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது முக்கியம். ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதால் உரிமையே போய்விடும். விசாரணையில் உறுதியானால் பாக்கிச் சம்பளத்தைக் கொடுக்க உத்தரவு வரும். மீறலின் தன்மையைப் பொறுத்து அபராதமும், குறிப்பிட்ட காலத்துக்கு வெளிநாட்டு ஊழியர்களுக்கு மனு போடவே தடையும் வரும். தடை பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்தத் துறை இணையத்தில் வெளியிடுகிறது.

“புகார் கொடுத்தா விசாவை ரத்து பண்ணிடுவாங்களோ?” இந்தப் பயம்தான் பலரின் வாயை அடைக்கிறது. புகார் கொடுத்ததற்காகவோ விசாரணைக்கு ஒத்துழைத்ததற்காகவோ ஊழியரைப் பழிவாங்குவது சட்டவிரோதம். அப்படிப் பழிவாங்கியதால் ஊழியரின் விசா நிலை பாதிக்கப்பட்டால், நீட்டிப்போ மாற்றமோ கேட்கும்போது அதை அசாதாரணச் சூழலாக யு.எஸ்.சி.ஐ.எஸ். கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் ஒவ்வொருவர் நிலையும் வேறு. படிவம் கொடுக்கும் முன் தனியாக ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்துக்காக வேலை பார்ப்பவர் என்பதை மறக்க வேண்டாம்.

வாஷிங்டனில் உள்ள இந்தியத் தூதரகத்தையும் மற்ற நகரங்களில் உள்ள இந்தியத் துணைத் தூதரகங்களையும் அணுகலாம். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதாத்’ இணையதளத்திலும் குறையைப் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டில் இருக்கும் குடும்பத்தினர், அயலகத் தமிழர் நலத்துக்கான அரசுத் துறையிடம் உதவி கேட்கலாம்.

இங்கே ஏஜெண்ட் மூலம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்ச அளவு 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் ஒரு சரிபார்ப்பு

1. எல்.சி.ஏ. நகல், ஐ-797 நகல், வேலை நியமனக் கடிதம் மூன்றும் கையில் இருக்கிறதா? மூன்றிலும் சம்பளமும் ஊரும் ஒன்றாக இருக்கிறதா?
2. மனுக் கட்டணம், வக்கீல் கட்டணம் என்று உங்களிடம் பணம் கேட்டார்களா? கேட்டிருந்தால் அந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி, வங்கி ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கிறதா?
3. வேலைக்கு வந்துவிட்டதாக முதல் நாளே எழுத்தில் தெரிவித்தீர்களா?
4. ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் சேமிக்கிறீர்களா?
5. இவற்றின் நகல் ஒன்று ஊரில் வீட்டிலும் இருக்கிறதா?

ஐந்தாவது கேள்வி வீட்டில் இருப்பவர்களுக்கானது. காகிதம் உங்கள் கையில் இருந்தால், அடுத்த முறை போன் வரும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

“அப்பா, பெஞ்சுல இருக்கேன், சம்பளம் தர மாட்டேங்கறாங்க.”

“பணம் அனுப்பறேன் சாமி, நீ பட்டினி கெடக்காத. ஆனா நாளைக்கே கம்பெனிக்கு ஒரு மெயில் போடு. எல்.சி.ஏ.ல போட்ட சம்பளம் எங்கேன்னு கேளு. தேதியக் குறிச்சு வெச்சுக்க. பன்னண்டு மாசத்த உட்டுறாத.”